பாட்டும் பந்தியும்: வேதநாயக சாஸ்திரியாரை முன்வைத்து ஒரு கேள்வி

ஒரு பாட்டைக் கட்டியவரின் வாழ்வில் நாம் ஏற்கமுடியாத ஒன்று இருந்ததென்று தெரியவருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்ன செய்வது? பாடுவதை நிறுத்திவிடுவதா? அல்லது பாட்டு வேறு, ஆள் வேறு என்று சொல்லித் தொடர்ந்து பாடுவதா?

இது புதிய கேள்வி அல்ல. புலம்பெயர்ந்த எமது சஞ்சிகைகளில் கவிஞர்களைப் பற்றியும் இயக்கப் பாடல்களைப் பற்றியும் இது திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. ஆனால் அந்த விவாதங்களில் பெரும்பாலும் ஆட்கள் உயிரோடிருப்பார்கள். தீராத பழைய கணக்குகள் இருக்கும். கேள்வி பாதியில் நின்று வசை மட்டும் மிஞ்சும். ஆகவே இறந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலான ஒருவரை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864). தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ‘சுவிசேடக் கவிராயர்’ என்று பெயர் பெற்றவர். அவருடன் இன்று யாருக்கும் சொந்தப் பகை கிடையாது. ஆனால் அவருடைய கீர்த்தனைகள் மட்டும் இன்னும் சாகவில்லை.

அவை இங்கே வளைகுடாவிலும் பாடப்படுகின்றன. டுபாயில் ஊத் மேத்தா என்ற பகுதியில் கத்தோலிக்கரின் புனித மரியாள் ஆலயமும் அங்கிலிக்கரின் ஹோலி டிரினிற்றி வளாகமும் அயலயலாக இருக்கின்றன. மரியாள் ஆலயம் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967இல் எழுந்தது. டிரினிற்றி வளாகத்தின் மண்டபங்களைப் பல மொழிச் சபைகள் மணிக்கணக்காகப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு மண்டபத்தில் மலையாளம் முடியும்போது இன்னொன்றில் தமிழ் தொடங்கும். 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றும்வரை இந்த நாட்டில் வெள்ளிக்கிழமைதான் கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. இன்றும் வெள்ளி வழிபாடு விட்டுப்போகவில்லை.

நான் வேதக்காரன் அல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இந்த நாடு 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. ஆதலால் வன்னியிலிருந்தும் முகாமிலிருந்தும் தப்பி வந்த கதையெல்லாம் இங்கே செல்லாது. இங்கே நான் வேலை விசாவில் வந்த ஒரு சமையலறைத் தொழிலாளி. கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது பொறோட்டாக் கல்லடிக்கு வந்திருக்கிறேன். மத்தியானப் பரபரப்பு ஓய்ந்து மாலை வேலை தொடங்கும்வரை கிடைக்கும் மூன்று மணிநேர இடைவெளியில், என் அறையில் உடனிருக்கும் ஒரு நண்பனோடு சில வெள்ளிகளில் அந்த மண்டபத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருப்பேன். சாஸ்திரியாரின் பாட்டுகளை நான் முழுதாகக் கேட்டது அங்கேதான். இடையில் நின்றுபோன என் பல்கலைக்கழகப் படிப்பில் மெய்யியலும் ஒரு பாடமாக இருந்தது. பாட்டைக் கேட்டதும் பாடியவரைத் தேடிப்போன பழக்கம் அந்த மிச்சத்தில் வந்ததாக இருக்கலாம்.

சாஸ்திரியார் திருநெல்வேலிப் பக்கத்தில் வெள்ளாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகவே தஞ்சாவூருக்கு அழைத்துச்சென்று படிக்கவைத்தார். அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் இன்னொரு பையனும் வளர்ந்தான். பின்னாளில் தஞ்சை அரசனான இரண்டாம் சரபோஜி அவன்தான். அநாதரவான ஒரு இளவரசனும் ஒரு வெள்ளாளக் கிறிஸ்தவச் சிறுவனும் ஒரே பாதிரியாரிடம் உலகத்தைக் கற்றார்கள். சாஸ்திரியார் தரங்கம்பாடியில் இறையியலோடு மேலைநாட்டு அறிவியலும் படித்து, இருபது வயதளவிலேயே தஞ்சை மிஷன் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’ தமிழிலக்கிய வரலாற்றில் சாதாரணமான காரியமல்ல. கோயில் தெய்வத்தையோ அரசனையோ பாட்டுடைத் தலைவனாக வைத்துக் குறத்தி குறிசொல்லும் நாடக வடிவத்தை எடுத்துக் கிறிஸ்துவுக்கு ஆக்கினார். அதற்குள்ளேயே புதிய வானியலையும் பூகோளத்தையும் பாட்டாக வைத்தார். சரபோஜியின் பெயரில் வழங்கும் ‘தேவேந்திர குறவஞ்சி’ என்ற மராத்தி நாடகத்திலும் உலகப் பூகோளம் வருகிறது. ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள், ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் பள்ளிக்கூடத்திலும் இருந்துகொண்டு, ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். தன் நூலொன்றின் தொடக்கத்தில் விநாயகர் துதி வைக்கும்படி அரசன் கேட்டபோது சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்றொரு செய்தி கிறிஸ்தவர்களிடையே வழங்குகிறது. இதன்பிறகும் அரசனின் ஆதரவு அவருக்கு இருந்தது.

அவர் எழுதிவைத்துவிட்டு இருந்தவர் அல்ல. ஊர் ஊராகச் சென்று பாடியும் பாட்டுக்கிடையே பொருள் விரித்தும் கதாகாலட்சேப முறையில் உபதேசம் செய்தவர். பல தலைமுறைகளாக அவர் வழியினர் அந்த முறையைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை இழுத்துக்கட்டிய ஞானப்பாட்டுகள் ஆலயத்தில் ஒலித்த காலத்தில், நம்முடைய ராகத்திலும் தாளத்திலும் நம்முடைய மொழி ஓடும் விதத்திலும் கடவுளைப் பாடலாம் என்று காட்டியவர்களில் அவரே முதன்மையானவர். நாம் இன்று ‘பண்பாட்டுத் தனித்துவம்’ என்று பெரிய சொல்லால் குறிப்பதை அவர் தம் தொண்டையால் செய்தார்.

இதுவரை சொன்னது அவரைப் பற்றிய நினைவு மலர்களில் வரும். வராதது இனித்தான்.

1820களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்தார்கள். சுவார்ட்ஸ் காலத்தில் ஆலயத்துக்குள் வெள்ளாளர் ஒரு பக்கமாகவும் தாழ்த்தப்பட்டோர் இன்னொரு பக்கமாகவும் இருந்தார்கள். திருவிருந்திலும் வெள்ளாளர் முந்தி, மற்றவர் பிந்தி. பழைய மிஷனரிகள் இதைக் காலம் மாற்றும் என்று விட்டுவைத்தார்கள். புதியவர்கள் விடவில்லை. எல்லோரும் கலந்திருக்க வேண்டும், ஒரே வரிசையில் திருவிருந்து பெறவேண்டும் என்றார்கள். அதை எதிர்த்து நின்ற வெள்ளாளக் கிறிஸ்தவர்களின் எழுதுகோலாக இருந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சாதியைத் திருத்த முயல்வது பைத்தியக்காரத்தனம் என்ற கருத்தில் 1829இல் ஒரு நூலே எழுதினார். அந்தப் பிணக்கில் மிஷன் வேலை போயிற்று. சரபோஜி அவரைத் தன் அரசவைக்கு எடுத்துக்கொண்டார்.

அக்காலத்தில் அவர்கள் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பழகிய வேதாகமத் தமிழை மாற்றுவது ஒன்று. எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலப்பது இரண்டு. நன்மை தீமைகளில் பூ வைப்பதைத் தடுப்பது மூன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடவிடாமல் தடுப்பது நான்கு.

இந்த நான்கையும் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வெளியே இருந்து வந்தவன் எங்கள் மொழியையும் பூவையும் பாட்டையும் பறிக்கிறான் என்ற முறைப்பாடு நியாயமானது. இன்று எந்தத் தமிழனும் அதற்குக் கையெழுத்திடுவான். ஆனால் அந்த மூன்றுக்கும் நடுவே, அதே மையில், அதே துயரத்தோடு, ‘எங்களை அவர்களோடு சேர்த்து இருத்துகிறார்கள்’ என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு இவை நான்கும் ஒன்றாகவே பட்டன. பூவும் பாட்டும் எப்படித் தன்னுடையதோ அப்படியே தள்ளியிருப்பதும் தன்னுடையது.

இதைத் தஞ்சாவூரின் பழங்கதையாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. பண்பாட்டைக் காப்பது என்று நாம் சொல்லும்போது அந்தப் பொட்டலத்துக்குள் எதையெல்லாம் கட்டிவைக்கிறோம்? 1920களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சமாசனம், சமபோசனம் என்று வந்தபோது எதிர்த்தவர்களும் பண்பாட்டின் பேரால்தான் எதிர்த்தார்கள். 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கு மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நின்றவர்களைத் தடுத்தவர்களிடமும் தேவாரம் இருந்தது; நல்ல குரலும் இருந்திருக்கும்.

‘அது அந்தக் காலம்’ என்று சொல்லுவார்கள். இந்தச் சமாதானத்தில் ஒரு கள்ளம் இருக்கிறது. அந்தக் காலம் என்று நாம் சொல்லும்போது அந்தக் காலத்தில் வாழ்ந்த மேல்சாதிக்காரரை மட்டுமே எண்ணிக்கொள்கிறோம். அதே ஆலயத்தில், அதே நேரத்தில், மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதுதான் காலம். தாங்கள் பிந்திப் பெறுவது அநியாயம் என்று அவர்கள் உணர்வதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருக்கவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் சாதி உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஆகவே எதிர்க்கருத்து காதில் விழாத காலமும் அல்ல அது. காதில் விழுந்தது, எதிர்த்து எழுதப்பட்டது.

வில்சனைப் பெரிய விடுதலை வீரராக்கவும் நான் தயாரில்லை. தஞ்சை வெள்ளாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: சாதி என்பது உலக வழக்கம்தான், வெள்ளைக்காரரிடையே உயர்வு தாழ்வு கிடையாதா? துரையின் மேசையில் துரையின் சமையற்காரன் இருந்து உண்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேள்வி நல்லதாக இருந்தும் அதைக் கேட்டவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவு கெட்டது. ‘உங்களிடமும் இருக்கிறது, ஆகவே இருவரும் விடுவோம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘உங்களிடமும் இருக்கிறது, ஆகவே எங்களிடமும் இருக்கட்டும்’ என்றார்கள்.

இவ்விடத்தில் இன்னொரு பாடகியின் நினைவு வருகிறது. கறுப்பின அமெரிக்கரின் சுவிசேஷ இசையில் ஈடில்லாத பெயர் மஹாலியா ஜாக்சன். 1911இல் நியூ ஓர்லியன்ஸில் வறுமையில் பிறந்தவர். பதின்ம வயதில் சிக்காகோவுக்குப் போய் துணி தோய்த்தும் வீட்டுவேலை செய்தும் பிழைத்தவர். புளூஸ் பாடினால் பணம் குவியும் என்று பலர் சொல்லியும் மறுத்தார். புகழ் வந்த பின் 1950களில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது அவருடைய யன்னல்களைச் சுட்டார்கள். 1963 ஓகஸ்ட் 28ந் திகதி வாஷிங்டன் பேரணியில் பாடிவிட்டு அருகில் நின்றவர், ‘கனவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று மார்ட்டின் லூதர் கிங்கைத் தூண்டியதாகக் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கிலும் அவர் பாடினார். 1971இல் இந்தியா வந்து கல்கத்தா, டெல்லி, பம்பாயுடன் சென்னையிலும் பாடினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார்.

மஹாலியாவைப் பற்றி எழுதுவது எளிது. அங்கே பாட்டும் வாழ்வும் ஒரே பக்கம் நிற்கின்றன. அவர் பாடிய விடுதலையும் அவர் கேட்ட விடுதலையும் ஒன்று. ஆனால் நமக்குக் கிடைத்தவர் சாஸ்திரியார். நமக்குக் கிடைக்காதவரைப் புகழ்ந்துகொண்டிருப்பதால் நம் கேள்வி தீராது.

சாஸ்திரியாரின் பாட்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரையில் ஒரு மிஷன் தொடங்கியது. சாதி விஷயத்தில் மிகக் கடுமையானவர்கள் அவர்கள். 1847இல், சாதியை விடாதவர் சபை ஊழியத்தில் இருக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். விட்டதற்கு அடையாளம் என்ன? வாய்வார்த்தை அல்ல. எல்லோரோடும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். அதைச் செய்யமாட்டாத ஊழியர் பலர் வேலையிலிருந்து நீங்கினார்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் 1853இல் சபைகளுக்காகத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் பெரும்பங்கு யாருடையது? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாருடையது. அப்போது அவர் உயிரோடிருந்தார்.

எந்தப் பந்தியில் இருக்கமாட்டேன் என்று அவர் நூல் எழுதினாரோ அந்தப் பந்தியிலே அவருடைய பாட்டு போய் இருந்துவிட்டது. அவரைக் கேட்டுப் போகவில்லை. அவர் எதிரே நின்று தடுத்திருந்தாலும் போயிருக்கும். அவர் யாரோடு இருக்கமாட்டேன் என்றாரோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதைத் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் பாடிப் பழகினார்கள்.

இனி என் அறைக்கு வருகிறேன். கராமாவில் ஒரு பழைய கட்டிடம். ஒரு அறையில் எட்டுப் பேர். இரட்டை அடுக்குக் கட்டில்கள். எட்டுப் பேரும் காசு போட்டு நடத்தும் மெஸ். எல்லோரும் தமிழர், பாதி இலங்கை, பாதி இந்தியா. புதிதாக ஒருவர் வந்தால் முதல் வாரத்திலேயே எங்கள் ஆட்களிடமிருந்து அந்தக் கேள்வி வரும்: ‘ஊர் எது? ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?’ கேட்பவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும், அது ஊரைக் கேட்கும் கேள்வி அல்லவென்று. அப்படியொரு விசாரணைக்குப் பிறகு அறையில் இருந்த ஒருவர், தனக்கு வயிறு சரியில்லை, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மெஸ்ஸிலிருந்து விலகித் தனிச் சட்டி வாங்கினார். அந்த வாரம் சமையல் முறை என் நண்பனுடையது. விலகியவரும் வெள்ளிக்கிழமைகளில் அதே மண்டபத்துக்கு வருகிறவர். முன்வரிசையில் நின்று கண்ணை மூடி, கண்ணீர் வழியப் பாடுகிறவர். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான கண்ணீர். அதுதான் பயங்கரம். பாட்டு ஒருவனை உண்மையாகவே அழவைக்கலாம். அழுது முடித்து அவன் அறைக்குப் போய்த் தனிச் சட்டி வைக்கலாம்.

தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த என் நண்பனிடம் சாஸ்திரியார் சாதியைப் பற்றி எழுதியவற்றை நான்தான் சொன்னேன். அவனுக்குத் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டான். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “அம்மா முள்ளிவாய்க்காலிலை பங்கருக்குள்ளை இருந்து பாடினது அந்தாளின்ரை பாட்டுத்தான். அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? அந்தாள் கட்டினவர், அவ்வளவுதான். அது அம்மான்ரை பாட்டு.”

“அப்ப அவரை மன்னிச்சிட்டியோ?” என்று கேட்டேன்.

“நான் ஏன் மன்னிக்கவேணும்? அவர் கேட்டவரே?” என்றான்.

இந்தப் பதிலைவிட நல்ல பதிலை நான் படித்த மெய்யியலில் கண்டதில்லை. நாம் இரண்டு காரியங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பாட்டை எடுத்துக்கொள்வது ஒன்று. ஆளை மன்னிப்பது வேறொன்று. பாடுகிறோம், ஆகவே மன்னித்துவிட்டோம் என்று ஒரு பகுதியினர் எண்ணுகிறார்கள். மன்னிக்கமுடியாது, ஆகவே பாடக்கூடாது என்று மறுபகுதியினர் எண்ணுகிறார்கள். என் நண்பன் எடுத்துக்கொண்டான், மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க இடமிருக்கிறது.

நான் பிறந்த சாதி சாஸ்திரியாரின் சாதிதான். ஆகவே ‘பாட்டு வேறு, ஆள் வேறு’ என்று சொல்வது எனக்கு மிக எளிது. அந்த நூலில் அவர் தள்ளிவைத்தது என்னை அல்ல. தனக்குச் செய்யப்படாத கொடுமையை மன்னிப்பது பெருந்தன்மை ஆகாது; அடுத்தவன் பணத்தில் தருமம் செய்வது போன்றது. எங்கள் சஞ்சிகைகளில் ‘கலையைக் கலையாகப் பார்க்க வேண்டும்’ என்று எழுதுகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தக் கலைஞன் வெளியே நிறுத்தியது யாரை? என்னையா, இன்னொருவனையா? இன்னொருவனை என்றால் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை. எனக்கு இருப்பது ஒரு கடமை மட்டுமே. அது மறைக்காமல் சொல்வது.

ஆகவே பாடுவதை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பாடுகிற இடத்தில் வரலாற்றையும் சொல்லுங்கள் என்கிறேன். சாஸ்திரியாரின் பிறந்தநாளில் அவர் தமிழிசைக்குச் செய்ததைச் சொல்லும் அதே வாயால், 1829இல் அவர் எழுதியதையும் சொல்ல வேண்டும். சொல்வதால் பாட்டு கெட்டுப்போகாது. மதுரையில் பந்தியைத் தாண்டிய பாட்டு இதையும் தாண்டும். சொல்லாமல் விட்டால்தான், அந்தக் கீர்த்தனைகளோடு சேர்த்துக் கட்டியிருந்த மற்றப் பொருளும் நம் பெட்டிக்குள் பேசாமல் ஏறி, கட்டுநாயக்காவிலோ திருச்சியிலோ விமானத்தில் வந்து, எட்டுப் பேர் அறைக்குள் தனிச் சட்டியாக இறங்குகிறது.

பாட்டின் தரத்தை அளக்க ராகம் இருக்கிறது, தாளம் இருக்கிறது, சொல்லழகு இருக்கிறது. பாடுகிற சபையின் தரத்தை அளக்க 1847இல் மதுரைக்காரர் வைத்த அளவுகோலைவிட வேறொன்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகு யார் யாரோடு இருந்து சாப்பிடுகிறார்கள்? உணவகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால், அப்படியே இருக்கட்டும்.